கொல்லையில் நான்கு செடி, கையில் ஒரு பைப்: டர்பனில் புகையிலை வளர்த்துப் புகைக்க ஒரு முழு வழிகாட்டி

2020 மார்ச் 27 அன்று தென்னாப்பிரிக்கா முழுவதும் ஊரடங்கு வந்தபோது, கடைகளில் சிகரெட், புகையிலை விற்பதையும் சேர்த்தே நிறுத்திவிட்டார்கள். ஆகஸ்ட் 17 வரை அந்தத் தடை நீடித்தது. அப்போது நான் நாளைக்குப் பத்து சிகரெட் ஊதுகிற ஆள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருவில் கள்ளத்தனமாக வந்த பாக்கெட்டை மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கி, ஒன்றை இரண்டாக நறுக்கிப் புகைத்த கூத்தெல்லாம் நடந்தது. அந்த எரிச்சலில்தான் ஒரு சிட்டிகை புகையிலை விதை தேடிப் பிடித்தேன். அது முளைத்து, இலை பழுத்து, காய்ந்து, பைப்பில் வைத்துப் பற்றவைப்பதற்குள் தடை நீங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவசரத்துக்கு உதவுகிற பயிர் இது இல்லை என்பது நான் படித்த முதல் பாடம்.

வளர்ப்பதைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். உண்மையில் கத்தரிச் செடி வளர்க்கத் தெரிந்தவருக்குப் புகையிலை வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. கஷ்டமெல்லாம் இலையைப் பறித்த பிறகுதான், அதுவும் டர்பன் மாதிரி ஈரக் காற்று வீசும் ஊரில். அதனால் கீழே வளர்ப்பை விடப் பதப்படுத்துவதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு கசப்பான பேச்சு

இதுவரை புகைக்காதவர் யாராவது இதைப் படித்தால், செடியை மட்டும் வளருங்கள். ஆள் உயரம் வளர்ந்து, இளஞ்சிவப்புக் குழல் பூக்களோடு நிற்கும் அழகான செடி அது. பைப்பைத் தொட வேண்டாம். பைப் புகையை உள்ளே இழுப்பதில்லை, ஆகவே கெடுதல் இல்லை என்று சொல்வார்கள். வாய், உதடு, தொண்டை, உணவுக்குழாய் என்று புகை படும் இடமெல்லாம் புற்றுநோய்க்கு வழி உண்டு, நுரையீரலும் தப்புவதில்லை. நிகோட்டின் வாயின் தோல் வழியாகவே ரத்தத்துக்குப் போகிறது, பழக்கமும் அப்படியே பிடிக்கிறது. சொந்தக் கொல்லையில் மருந்தடிக்காமல் வளர்த்தது என்பதால் இதில் எதுவும் மாறிவிடாது. எரிந்தால் எல்லாம் ஒரே புகைதான்.

சிகரெட்டிலிருந்து பைப்புக்கு வருபவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. பழக்கதோஷத்தில் பைப் புகையையும் நெஞ்சுக்குள் இழுத்துவிடுவார்கள். நானும் முதல் மாதம் அப்படித்தான் செய்தேன். ஆகவே சிகரெட்டை நிறுத்த இது வழி என்று நான் சொல்லவே மாட்டேன். நான் இப்போது வாரத்துக்கு இரண்டு முறை, சனி, ஞாயிறு மாலையில் மட்டும் பைப்பை எடுக்கிறேன். அதற்குமேல் போகக்கூடாது என்று எனக்கு நானே போட்ட விதி.

சட்டத்தைப் பொறுத்தவரை இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கவோ கொடுக்கவோ கூடாது. 12 வயதுக்குட்பட்ட குழந்தை காரில் இருக்கும்போது புகைப்பதும் இங்கே குற்றம். விளைந்த புகையிலையை விற்கும் ஆசை வந்தால் கலால் உரிமம், வரி என்று அது வேறு உலகம். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நமக்கும் இந்த இலைக்கும் உள்ள உறவு

1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. கரும்புத் தோட்டத்தில் கிர்மிட் என்னும் அந்த ஒப்பந்தத்தை முடித்தவர்கள் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து மீலி என்னும் மக்காச்சோளம், பீன்ஸ், காய்கறி போட்டார்கள். நடுவே புகையிலையும் போட்டார்கள். எங்கள் ஆயா சின்ன வயதில் தாத்தாவின் தோட்டத்தில் புகையிலைக் குருத்து கிள்ளியதைச் சொல்லுவார். கையெல்லாம் பிசின் ஒட்டி, சோறு பிசைந்தால் கசக்குமாம். ஆங்கிலக்காரர் சொல்லும் ‘செரூட்’டே நம் சுருட்டிலிருந்து போன சொல்தான். இன்றும் முனீஸ்வரன் பூசைக்கு இங்கே சுருட்டில்லாமல் படையல் முடிவதில்லை.

இந்த நாட்டுக்காரர்களுக்கும் இலை புதிதில்லை. 1652இல் தெற்கே கேப் பகுதியில் இறங்கிய டச்சுக்காரர்கள் புகையிலையும் செம்பும் கொடுத்துத்தான் கோய் மக்களிடம் மாடு வாங்கினார்கள். கோசா பெண்கள் பிடிக்கும் நீளக் குழல் பைப்புக்கு இன்கவே என்று பெயர். என் அடுத்த வீட்டு சூலு அம்மாள் முன்னோர்களுக்குப் படைக்க மூக்குப்பொடி வேண்டும் என்று ஒருநாள் வேலிக்கு மேலே கை நீட்டினார். உக்வாயி என்பார்கள் அதை. அன்றிலிருந்து ஒரு கட்டு இலை வருடா வருடம் அந்த வீட்டுக்குப் போகிறது.

எத்தனை செடி வேண்டும்?

ஒரு செடியில் உருப்படியான இலை பதினைந்திலிருந்து இருபது வரை தேறும். காய்ந்து, நடு நரம்பையும் எடுத்த பிறகு 60 முதல் 100 கிராம் நிற்கும். பைப்பில் ஒரு தடவை நிரப்ப 2 கிராம் போதும். வாரத்துக்கு இரண்டு என்றால் வருடத்துக்கு 200 கிராம் சொச்சம். ஆக நான்கு செடி தாராளம். முதல் வருடம் பாதி பாழாகும் என்று வைத்துக்கொண்டு ஆறு போடுங்கள். நான் ஆசைப்பட்டு முப்பது போட்டேன். அவ்வளவு இலையையும் தொங்கவிட இடமில்லாமல்தான் பெரும்பகுதியைப் பறிகொடுத்தேன்.

எந்த வகை என்று கேட்டால், தொடங்குபவருக்கு பர்லி. நிழலில் காற்றிலேயே காய்ந்து பழுப்பாகும், சர்க்கரை குறைவு, தடித்த ருசி. வர்ஜீனியா இனிப்பானது, ஆனால் அதை முறையாகப் பதப்படுத்த அடைத்த அறையில் ஒரு வாரம் படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். வெயிலில் காயவைத்தும் ஒப்பேற்றலாம். ஓரியண்டல் என்னும் துருக்கி வகைகளுக்குச் சின்ன இலை, நல்ல வாசனை, நெருக்கி நடலாம். இலங்கையிலிருந்தோ வேதாரண்யத்திலிருந்தோ விதை கொண்டுவருகிறேன் என்று உறவுக்காரர் யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விமான நிலையத்தில் விதைக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு.

நாற்றங்கால்

புகையிலை விதை கசகசாவை விடப் பொடிசு. ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும். மூச்சு விட்டால் பறந்துவிடும். ஆகவே ஒரு சிட்டிகை விதையை இரண்டு கரண்டி காய்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். ஊரில் சாம்பலோடு கலந்து தூவுவார்கள், அதுவும் சரிதான்.

தட்டு எதற்கு வாங்க வேண்டும்? நம் எல்லார் வீட்டிலும் உறைபெட்டியில் மசாலாவும் தனியா இலையும் அடைத்து வைத்த 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா இருக்கும். அதன் அடியில் ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டு, சலித்த மண்ணும் தென்னை நார்த்தூளும் நிரப்பி, மேலே விதையைத் தூவுங்கள். மண் போட்டு மூட வேண்டாம், வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேரும். டப்பாவை ஒரு தட்டுத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். 21 முதல் 27 டிகிரி வெப்பம் இருந்தால் ஏழிலிருந்து பத்து நாளில் பச்சைப் புள்ளிகள் தெரியும்.

டர்பனில் ஆகஸ்ட் கடைசியில் விதைத்தால் அக்டோபர் நடுவில் நடலாம். நான்கு இலை வந்ததும் தயிர் டப்பாக்களுக்கு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நெருக்கமாக விட்டால் நாற்றழுகல் வந்து ஒரே இரவில் படுத்துவிடும். விதைத்த ஆறு முதல் எட்டு வாரத்தில் நாற்று ஒரு சாண் உயரம் வந்திருக்கும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, வெயிலைக் கூட்டிப் பழக்குங்கள்.

நடவும் வளர்ப்பும்

தண்ணீர் தேங்காத, கொஞ்சம் மணற்பாங்கான மண், முழு வெயில். செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 90. இடமில்லாதவர்கள் 20 லிட்டர் பெயின்ட் வாளியில் வைக்கலாம், இலை கொஞ்சம் சிறுக்கும், அவ்வளவுதான்.

உரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். பொட்டாஷ் உரம் வாங்கினால் சல்பேட் வகையாகப் பார்த்து வாங்குங்கள். குளோரைடு வகையைப் போட்டால் செடி நன்றாகத்தான் வளரும், ஆனால் காய்ந்த இலை பற்றாது. பைப்பில் வைத்து எத்தனை தீக்குச்சி உரசினாலும் அணைந்து அணைந்து போகும். தழைச்சத்தை ஆரம்பத்திலேயே கொடுத்து முடித்துவிடுங்கள். கடைசி வரை எருவைக் கொட்டினால் இலை கரும்பச்சையாக நின்றுகொண்டே இருக்கும், பழுக்காது.

தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் புகையிலையின் சொந்தக்காரர்கள். ஒன்றுக்கு வரும் நோய் மற்றொன்றுக்கும் தாவும். தேமல் நோய் அதில் மோசம். உலகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட வைரஸே புகையிலைத் தேமல் வைரஸ்தான். 1892இல் ரஷ்ய விஞ்ஞானி இவானோவ்ஸ்கி வடிகட்டியில் தங்காத ஏதோ ஒன்று நோயைப் பரப்புவதைக் கண்டார். 1898இல் டச்சு விஞ்ஞானி பெயரிங்க் அது பாக்டீரியா அல்ல, வேறு ஜாதி என்றார். இந்த வைரஸ் காய்ந்த புகையிலையிலும் உயிரோடு இருக்கும். சிகரெட்டைத் தொட்ட கையோடு தக்காளிச் செடியைத் தொட்டாலே போதும், பரவிவிடும். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தோட்டத்தில் இறங்குங்கள். இலையில் வெளிர்ப்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் இரக்கம் பார்க்காமல் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

புகையிலை விஷச் செடி, பூச்சி வராது என்று நினைப்பவர்கள் அசுவினியைப் பார்த்ததில்லை. இலைக்கு அடியில் கூட்டமாக ஒட்டியிருக்கும், சோப்புத் தண்ணீர் தெளித்தால் அடங்கும். படைப்புழுவையும் மொட்டுத் துளைக்கும் புழுவையும் காலையில் கையாலேயே பொறுக்கலாம். நத்தை நாற்றை மொட்டையடிக்கும். எனக்குப் பெரிய தொல்லை ஹடீடா என்னும் பறவைதான். மண்புழு தேடி அலகால் குத்தி, புதிதாக நட்ட நாற்றைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி கத்திக்கொண்டு பறக்கும். இரண்டு வாரம் கோழிவலை போட்டு மூடி வைக்கிறேன். குரங்குகளோ மாம்பழத்தையும் கத்தரியையும் காலி செய்துவிட்டுப் புகையிலையைத் தொடாமல் போய்விடும். நம்மை விடப் புத்திசாலிகள்.

நட்ட இரண்டு, இரண்டரை மாதத்தில் உச்சியில் மொட்டு தெரியும். விரிவதற்குள் அந்த நுனியை ஒடித்துவிட வேண்டும். ஊரில் தலை கிள்ளுவது என்பார்கள். பூவுக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் இலைக்குத் திரும்பி, இலை தடிக்கும், நிகோட்டினும் ஏறும். மென்மையான புகை வேண்டுமானால் பாதிப் பூ விரிந்த பிறகு கிள்ளுங்கள். கிள்ளிய ஒரு வாரத்தில் இலை இடுக்குகளிலிருந்து பக்கக் குருத்து கிளம்பும். அதையும் வாரம் ஒருமுறை கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஆயா செய்த வேலை இதுதான். பிசின் கறுப்பாக ஒட்டும். தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போகும்.

ஒரு நல்ல செடியை மட்டும் தலை கிள்ளாமல் விதைக்கு விடுங்கள். பூங்கொத்தை மெல்லிய துணிப்பையால் கட்டிவிட்டால் தேனீ வழியாகக் கலப்பு நேராது. தன் மகரந்தத்திலேயே காய் பிடித்துவிடும்.

பறிப்பது

இலை கீழிருந்து மேலாகப் பழுக்கும். பச்சை வெளுத்து, மஞ்சள் திட்டு விழுந்து, நுனி கீழே வளையும், நடு நரம்பு வெள்ளையாகும். கையால் கீழ்நோக்கி அழுத்தினால் ‘டக்’ என்று ஒடிந்து வரும். வாரத்துக்கு மூன்று நான்கு இலையாக அப்படியே மேலே ஏறுங்கள்.

பனியோ மழைத்தண்ணீரோ இலையில் இருக்கும்போது பறிக்கவே கூடாது. நிகோட்டின் தண்ணீரில் கரைந்து தோல் வழியாக உடம்புக்குள் இறங்கும். தலைசுற்றல், குமட்டல், வாந்தி என்று படுக்கையில் போட்டுவிடும். பெரிய பண்ணைகளில் கூலிகளுக்கு இது வழக்கமாக வரும் நோய். ஈரம் காய்ந்த பிறகு, கையுறை, முழுக்கைச் சட்டையோடு பறியுங்கள். குழந்தைகளை இந்த வேலைக்குக் கூப்பிடாதீர்கள். நாய், பூனை மெல்லும்படி இலையைக் கீழே போட்டும் வைக்காதீர்கள்.

பதப்படுத்துவது: எல்லாம் இங்கேதான்

பச்சை இலையைப் பறித்து வெயிலில் போட்டால் ஒரே நாளில் நொறுங்கக் காய்ந்துவிடும். ஆனால் அது புகையிலை இல்லை, காய்ந்த புல். பற்றவைத்தால் எரிந்த தழை நாற்றம் வரும். இலை பறித்த பிறகும் கொஞ்ச நாள் உயிரோடு இருக்க வேண்டும். அந்த நாட்களில்தான் பச்சையம் அழிந்து மஞ்சளாகிறது, மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. மஞ்சளாவதற்குள் காய்ந்துவிட்டால் பச்சை அப்படியே நின்றுவிடும், பிறகு எதுவும் செய்ய முடியாது. மஞ்சளான பிறகும் காயாமல் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இலையை நடத்திக்கொண்டு போவதுதான் பதப்படுத்துவது.

ஊசியில் சணல் நூல் கோர்த்து, இலைக் காம்பின் தடித்த பகுதியில் குத்தி, முதுகோடு முதுகு, முகத்தோடு முகம் வருமாறு இரண்டிரண்டாகக் கோருங்கள். ஜோடிக்கு ஜோடி மூன்று விரல் இடைவெளி. நிழலும் காற்றும் உள்ள இடத்தில் தொங்கவிடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வாரத்தில் மஞ்சள், பிறகு மெல்லப் பழுப்பு, கடைசியில் நடு நரம்பு காய வேண்டும். மொத்தம் ஆறு முதல் எட்டு வாரம். நரம்பை வளைத்தால் சுள்ளி மாதிரி முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஜோகன்னஸ்பர்க்காரர்களுக்கு இலை சீக்கிரம் காய்ந்துவிடுவதுதான் தொல்லை. அவர்கள் தரையில் ஈரச் சாக்கு போட வேண்டியிருக்கும். நமக்கு நேர் எதிர். ஜனவரி, பிப்ரவரியில் டர்பன் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். முதல் வருடம் கராஜில் கதவைச் சாத்தி, நெருக்கி நெருக்கித் தொங்கவிட்டேன். மஞ்சள் அருமையாக வந்தது. மூன்றாம் வாரம் நரம்போரம் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ தெரிந்தது. துடைத்துவிட்டால் போகும் என்று விட்டேன். பத்தே நாளில் முக்கால்வாசி இலை போய், கராஜில் ஈர நாய் வாசனை. பூஞ்சை பிடித்த இலையைக் கழுவிக் காயவைத்துப் புகைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது எருக்குழிக்குத்தான்.

அதன் பிறகு நான் செய்து தேறியவை: இலை மஞ்சளாகும் வரை காற்றாடி வேண்டாம். மஞ்சள் முடிந்த அன்றே கதவைத் திறந்து, மேசைக் காற்றாடியைச் சின்ன வேகத்தில் இரவும் பகலும் ஓட விடுகிறேன். காற்று இலைமேல் நேராக அடிக்காமல் சுவரில் பட்டுத் திரும்ப வேண்டும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று மலிவாகவே கிடைக்கும். அதில் 65 முதல் 75 சதவீதம் காட்டினால் நிம்மதியாகத் தூங்கலாம். 80க்கு மேல் இரண்டு நாள் நின்றால் இலையைப் பிரித்துத் தள்ளித் தொங்கவிட வேண்டும். நடு நரம்பு மட்டும் காயாமல் அடம் பிடித்தால் நரம்பைக் கத்தியால் நெடுகப் பிளந்துவிடுங்கள்.

இன்னொரு வழி பருவத்தையே மாற்றுவது. எங்கள் கடலோரத்தில் உறைபனி கிடையாது. ஆகவே இப்போது பாதிச் செடியை ஜனவரியில் விதைத்து மார்ச்சில் நடுகிறேன். வளர்ச்சி மந்தம், இலை சிறிசு. ஆனால் ஜூன், ஜூலையில் மழையில்லாத காற்றில் இலை தங்க நிறமாகக் காய்கிறது. இதிலும் ஒரு வில்லன் உண்டு, உள்நாட்டு மலைப்பக்கமிருந்து திடீரென்று வீசும் பெர்க் காற்று. சூடான, வறண்ட காற்று. அது வீசும் நாளில் கதவைச் சாத்தாவிட்டால் மஞ்சளாக வேண்டிய இலை மாலைக்குள் பச்சையாகவே மொறுமொறுத்துவிடும்.

காய்ந்த இலையைத் தொட்டால் நொறுங்கும். மழை பெய்த மறுநாள் காலையில் தொட்டால் துணி மாதிரி துவளும். அந்தத் துவளும் நிலைக்குத்தான் பதம் என்று பெயர். அடுத்த வேலை எல்லாவற்றையும் பதத்தில் இருக்கும்போதே செய்ய வேண்டும்: இறக்குவது, அடுக்குவது, நரம்பு உரிப்பது எல்லாமே.

முதிர வைப்பது

காய்ந்த பர்லியை அப்படியே புகைத்தால் நாக்கு எரியும், மூக்கில் நவச்சாரம் மாதிரி ஏறும். அது அடங்க இலை முதிர வேண்டும். சோம்பேறி வழி: பதத்தில் இருக்கும் இலையைக் கட்டாகக் கட்டி, அட்டைப் பெட்டியில் அடைத்து, ஒரு கோடை முழுக்கத் தாண்ட விடுங்கள். வெப்பம் ஏறும்போது உள்ளே வேலை நடக்கும். ஒரு வருடம் நல்லது, இரண்டு வருடம் அதைவிட நல்லது. மாதம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாசனை வந்தால், பூஞ்சை பிடித்ததை எறிந்துவிட்டு மற்றதைப் பிரித்து உலர்த்துங்கள்.

அவசரக்காரர்கள் ஓடாத பழைய ஃபிரிட்ஜை எடுத்து, உள்ளே தண்ணீர் ஊற்றிய மெதுசமையல் மின்பானையை (ஸ்லோ குக்கர்) வைத்து, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைத்து, 50 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் நிற்குமாறு நான்கிலிருந்து ஆறு வாரம் ஓட்டுகிறார்கள். வேலை செய்கிறது. ஆனால் முதல் வாரத்து நாற்றத்துக்கு வீட்டில் உங்களைச் சேர்க்க மாட்டார்கள். மின்வெட்டுக் காலத்தில் அதுவும் பாதியில் நின்றது. நான் அட்டைப் பெட்டிக்கே திரும்பிவிட்டேன்.

முதிர்ந்த இலையின் நடு நரம்பை உரித்து, பத்துப் பதினைந்து இலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுகச் சுருட்டி, அரிவாள்மனையிலோ கூரான கத்தியிலோ கீரை நறுக்குவது போல மெல்லிசாக நறுக்குங்கள். பர்லி சாறு உறிஞ்சும் இலை. வெல்லத்தை வெந்நீரில் நீர்க்கக் கரைத்துத் தெளித்து ஒரு இரவு ஊற வைத்தால் காரம் தணியும். நிறையப் போட்டால் பைப் பிசுபிசுக்கும். ஏலக்காய், கிராம்பு என்று நான் செய்து பார்த்த சோதனைகளைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது, புகை பிரியாணி வாசனையில் வந்தது. கண்ணாடி ஜாடியில் அடைக்கும் முன் ஒரு சிட்டிகையை அழுத்தி விடுங்கள். கட்டியாக நின்றால் ஈரம் அதிகம், சரசரவென்று உதிர்ந்தால் காய்ச்சல் அதிகம், மெல்ல விரிந்து கொடுத்தால் சரி.

பைப்பும் பற்றவைக்கும் முறையும்

முதல் பைப்புக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். சோளக்கட்டையில் செய்தது போதும். விலை குறைவு, பழக்க வேண்டியதில்லை, ஈரத்தையும் உறிஞ்சும். பிடித்துப் போனால் பிறகு பிரையர் வாங்கலாம். பிரையர் என்பது மத்தியதரைக்கடல் ஓரத்தில் வளரும் ஒரு எரிக்கா புதரின் வேர்க்கட்டை. கேப் பகுதியில் 600க்கும் மேற்பட்ட எரிக்கா இனங்கள் இருக்கின்றன, பைப்புக்கு மட்டும் மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வர வேண்டியிருக்கிறது. பிரையர் கிண்ணத்தின் உட்புறத்தில் கரி மெல்லிய பூச்சாகப் படிந்த பிறகுதான் அது முழுதாகப் பழகும். அதுவரை பாதிக் கிண்ணம் மட்டும் நிரப்புங்கள்.

நிரப்பும்போது அடியில் லேசாக, மேலே வர வரக் கொஞ்சம் அழுத்தமாக. நிரப்பியதும் பற்றவைக்காமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். குழாயில் பழச்சாறு குடிப்பதற்கு உள்ள அளவு தடை இருந்தால் போதும். தீக்குச்சியை வட்டமாகச் சுற்றிக் காட்டி, மேற்பரப்பு முழுக்கப் பற்றவையுங்கள். இலை எழும்பி நிற்கும். சின்ன மரக்கட்டையால் மெல்லத் தட்டிச் சமன் செய்து மறுபடி பற்றவையுங்கள். இரண்டாவது தீதான் நிற்கும்.

அப்புறம் நிதானம். சூடான டீயை உறிஞ்சுவது போல, புகை வாய்க்குள் வந்தால் போதும், நெஞ்சுக்குள் போக வேண்டாம். கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்தால் சுடக்கூடாது. சுட்டால் கீழே வையுங்கள். அணைந்தால் அணையட்டும். வேகமாக இழுப்பவருக்குத்தான் நாக்கு வெந்துபோகும். தலை கிறுகிறுத்தால் நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடித்து உட்காருங்கள். வீட்டு இலை கடைச்சரக்கை விடக் காரமாக இருக்கலாம், வெறும் வயிற்றில் தொடாதீர்கள்.

முடிந்ததும் சாம்பலைத் தட்டி, பைப் துடைக்கும் பஞ்சுக்கம்பியை உள்ளே விட்டு எடுங்கள். சூடு ஆறுவதற்குள் வாய்க்குழலைக் கழற்றினால் காம்பு வெடிக்கும். ஒரு நாள் புகைத்தால் ஒரு நாள் காய விடுங்கள்.

சுரைக்குடுக்கை

கடைசியாக ஆசைக்கு ஒன்று. காலபாஷ் பைப் இந்த நாட்டுச் சரக்கு, அதன் உடம்பு வேறொன்றுமில்லை, நம் சுரைக்காய்தான். மகுடிக்கு உதவுகிற அதே குடுக்கை. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போருக்குப் பிறகு அது ஐரோப்பாவுக்குப் போய்ப் புகழ் பெற்றது. வளைந்த கழுத்துள்ள சுரையின் மேல் மீர்ஷாம் என்னும் வெள்ளைக் கல்லில் கடைந்த கிண்ணத்தைச் செருகுவார்கள். கிண்ணத்துக்கு அடியில் இருக்கும் வெற்றிடத்தில் புகை ஆறி, ஈரம் தங்கிவிடும்.

கிண்ணத்தையும் வாய்க்குழலையும் வாங்கிக்கொள்ள வேண்டும். குடுக்கையை நாமே வளர்க்கலாம். புகையிலை நாற்று விடும் நாட்களிலேயே சுரை விதையையும் போடுங்கள். பிஞ்சு விரல் நீளம் வந்ததும் காயைத் தரையில் ஒரு பலகைமேல் படுக்கவைத்து, கழுத்துப் பக்கம் குச்சிகள் நட்டு, சில நாளுக்கொருமுறை அரைக்கால் அங்குலம் வளைத்துக்கொண்டே வாருங்கள். ஒரேயடியாக வளைத்தால் முறியும். கொடி காய்ந்த பிறகு பறித்து, நிழலில் மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும். ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும்போது வெட்டலாம்.

நான் இதுவரை ஏழு காய் வளைத்தேன். மூன்று முறிந்தன, இரண்டைக் குரங்கு கொண்டுபோயிற்று. ஒன்றில் என் பைப் நிற்கிறது. இன்னொன்றைக் கிண்ணத்தை விடப் பெரிதாக வெட்டித் தொலைத்தேன். அதன் வாயைத் துணியால் கட்டி, அடுத்த ஆகஸ்டுக்கான புகையிலை விதையை அதில்தான் போட்டு வைத்திருக்கிறேன்.